பதினேழாம் நாள்

கல்யாண வீட்டுக்கு அழைத்தால்தான் போவோம். சாவு வீட்டுக்கு அழையாமலே போவோம். இது நம் முன்னோர்கள் வகுத்து வைத்த நாகரிகம். பத்து வருஷமாக முகங்கொடுத்துப் பேசாத பங்காளிகூட அன்றைக்கு வந்து பாடைக்குத் தோள் கொடுப்பான். துக்க வீட்டில் அடுப்பு மூட்டலாகாது என்பார்கள். பக்கத்து வீட்டிலிருந்து சாதமும் ரஸமும் வந்து சேரும். ஸ்திரீகள் ஒருவரையொருவர் கட்டிக்கொண்டு அழுவார்கள். போனவருடைய குணங்களையெல்லாம் ஒப்பாரியில் வைத்துப் பாடுவார்கள். அவர் உயிரோடிருந்த காலத்தில் அவரைப் பற்றி அவ்வளவு நல்ல வார்த்தை யாரும் சொன்னதில்லை என்பது வேறு விஷயம்!

பத்தாம் நாள், பதின்மூன்றாம் நாள், பதினாறாம் நாள் என்று அவரவர் குலவழக்கப்படி காரியங்கள் முடிகின்றன. அத்துடன் வெளியூர் உறவினர்கள் பெட்டியைக் கட்டுகிறார்கள். வாசற் பந்தலைப் பிரித்து வண்டியில் ஏற்றுகிறார்கள். மறுநாள் காலையில் வழக்கம் போல் பால் வருகிறது, பத்திரிகை வருகிறது. உலகம் தன் வேலையைப் பார்க்கப் போய்விட்டது. வீட்டில் மாத்திரம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. அந்தப் பதினேழாம் நாளைப் பற்றியும் அதற்குப் பின் வரும் நாட்களைப் பற்றியுமே இங்கே சொல்ல உத்தேசம். ஏனெனில் துக்கத்தினால் மனிதனுடைய உடம்புக்கும் மூளைக்கும் நேரக் கூடிய கெடுதல் பெரும்பாலும் அந்த நாட்களில்தான் நேருகிறது. அப்போதோ பக்கத்தில் யாரும் இருப்பதில்லை.

எத்தனை நாள் அழலாம்?

துக்கத்துக்குக் கால வரையறை உண்டா? உண்டு என்று ஒவ்வொருவரும் ஒவ்வொரு கணக்குச் சொல்லுகிறார்கள். உத்தியோகசாலைகளில் சில நாள் லீவு கொடுக்கிறார்கள். ஹிந்துக் குடும்பங்களில் மாதந்தோறும் மாசிகம் என்றும், வருஷம் முடிந்ததும் வருஷாப்திகம் என்றும் ஏற்பாடு இருக்கிறது. கணவனை இழந்த முஸ்லிம் ஸ்திரீ நான்கு மாதமும் பத்து நாளும் இத்தா இருக்கிறாள். கத்தோலிக்கக் கிறிஸ்தவர்கள் ஆண்டுதோறும் நவம்பர் 2-ந் தேதி கல்லறைக்கு மலரும் மெழுகுவத்தியும் எடுத்துச் செல்லுகிறார்கள்.

வைத்திய சாஸ்திரமும் இப்பொழுது ஒரு கணக்குச் சொல்லுகிறது. உலக சுகாதார ஸ்தாபனம் 2019-ம் வருஷத்தில் அங்கீகரித்து, 2022 ஜனவரி முதல் அமலுக்கு வந்த நோய்ப் பட்டியலில் ‘நீடித்த துக்கம்’ என்பதும் இடம் பெற்றிருக்கிறது. துக்கம் ஆறு மாதத்துக்கு மேலும் சற்றும் குறையாமல், அந்தந்தச் சமூகத்தின் வழக்கம் இடம் கொடுக்கும் அளவையும் மீறி, மனிதனை ஒரு வேலையும் செய்ய முடியாதபடி முடக்கிப் போட்டால் அதற்குச் சிகிச்சை தேவை என்று அது கூறுகிறது. அமெரிக்க மனோவைத்திய சங்கத்தார் அதே 2022-ல் வெளியிட்ட நூலில், பெரியவர்களுக்கு ஒரு வருஷம் என்று வைத்தார்கள். நம் வருஷாப்திகத்தைப் பார்த்து அவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்று நாம் மார்தட்டிக்கொள்ள வேண்டியதில்லை. மனித இருதயம் எங்கும் ஒன்றுதான்; அதைக் கூர்ந்து கவனித்தவர்கள் எந்தத் தேசத்தில் இருந்தாலும் ஏறக்குறைய ஒரே கணக்குக்கு வந்து சேருகிறார்கள்.

இந்தக் கணக்கைச் சிலர் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடும். வருஷம் முடிந்த மறுநாள் கண்ணீர் நின்றுவிட வேண்டும் என்பது இதன் பொருள் அல்ல. இருபது வருஷம் கழித்து ஒரு தாய் தன் குழந்தையை நினைத்துக் கண் கலங்கினால் அது நோயும் அல்ல, பலவீனமும் அல்ல. அவள் எழுந்து, குளித்து, உண்டு, நாலு பேருடன் பேசி, இடையிலே அழுதால் அது அன்பு. எழவே முடியாமற் போனால்தான் அது நோய்.

இன்னொரு தவறான எண்ணமும் பரவியிருக்கிறது. துக்கத்துக்கு ஐந்து படிகள் உண்டு, நம்ப மறுத்தல், கோபம், பேரம் பேசுதல், சோர்வு, ஒப்புக்கொள்ளுதல் என்று வரிசையாக வரும் என்று பலர் ஒப்பிக்கிறார்கள். எலிசபெத் கூப்ளர்-ராஸ் என்ற மாது 1969-ல் எழுதிய நூலிலிருந்து வந்தது இது. அந்த அம்மையார் கண்டு பேசியது தாமே மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளை. பிற்பாடுதான் அது உற்றாரை இழந்தவர்களுக்கும் பொருந்துவதாகச் சொல்லலானார்கள். உண்மையிலோ, துக்கம் செங்கற்பட்டு, விழுப்புரம், விருத்தாசலம் என்று ரயில் வண்டி நிற்பது போல் நின்று நின்று போவதில்லை. கோபம் ஒரு நாள் வரும், போகும், மறுபடி வரும். சிலருக்குக் கோபமே வராது. ‘எனக்கு இன்னும் மூன்றாம் படி வரவில்லையே!’ என்று யாரும் கவலைப்பட வேண்டாம்.

மூளை படும் பாடு

துக்கம் மனத்தில் மாத்திரம் நடப்பது என்று நினைக்கிறோம். அது உடம்பு முழுதும் நடக்கிறது. அபாய காலங்களில் சுரக்கும் கார்ட்டிஸால் என்ற ரஸம் துக்க காலத்திலும் இரத்தத்தில் அதிகமாகிறது. தூக்கம் கெடுகிறது. பகலில் அறிந்ததையெல்லாம் மூளை பதிய வைத்துக்கொள்வது தூக்கத்தில்தான். ஆகவே தூக்கம் கெட்டவுடன் ஞாபகமும் கெடுகிறது. அடுப்பில் வைத்த பால் பொங்கி வழிகிறது. சாவியை எங்கே வைத்தோம் என்று தெரிவதில்லை. பத்திரிகையில் ஒரே பத்தியை மூன்று தரம் படித்தாலும் ஒன்றும் ஏறுவதில்லை. ‘எனக்குப் புத்தி பேதலித்துவிட்டதோ?’ என்று பலர் உள்ளூர நடுங்குகிறார்கள், வெளியே சொல்லுவதில்லை. இது பைத்தியத்தின் அறிகுறி அல்ல. பெரும் பாரத்தைத் தூக்கிக்கொண்டு நடப்பவன் வழியில் இருப்பதைக் கவனிக்க முடியாதது போன்றதுதான்.

மூளைக்கு வேறொரு சங்கடமும் இருக்கிறது. நாற்பது வருஷம் ஒரே வீட்டில் வாழ்ந்த ஒருவர் எந்த நேரத்தில் எங்கே இருப்பார், என்ன கேட்பார் என்பதெல்லாம் அதில் பதிந்து கிடக்கின்றன. அவர் இறந்துவிட்டார் என்ற செய்தி ஒரு நொடியில் காதில் விழுந்துவிடுகிறது. ஆனால் பழைய பதிவுகள் ஒரு நொடியில் அழிவதில்லை. மாலை நாலு மணிக்குக் கை தானாகவே இரண்டு டம்ளர் காப்பி கலக்கிறது. கலந்த பிறகுதான் நினைவு வருகிறது. மேரி பிரான்ஸிஸ் ஓ'கானர் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், துக்கம் என்பது மூளை ஒரு புதிய பாடத்தைக் கற்றுக்கொள்வது போன்றது என்கிறார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளோடு காலங் கழிக்கிறவனுக்கு இது எளிதில் விளங்குகிறது. பாடம் கடினமானால் காலம் அதிகம் ஆகும்; பிரம்பை எடுத்தால் அது சீக்கிரம் ஏறிவிடாது.

காலியான அறையில் அவருடைய இருமல் கேட்டது என்று ஒரு விதவை சொன்னால் நம் வீடுகளில் என்ன நடக்கிறது? உடனே பேய் என்கிறார்கள்; பூசாரியைத் தேடிப் புறப்படுகிறார்கள். ரீஸ் என்ற வைத்தியர் வேல்ஸ் நாட்டில் கணவனையோ மனைவியையோ இழந்த 293 பேரை விசாரித்து 1971-ல் ஒரு கட்டுரை எழுதினார். அவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேர், போனவர் பக்கத்தில் இருப்பதாக உணர்ந்தோம், கண்டோம், குரலைக் கேட்டோம் என்று சொன்னார்கள். பலர் அதுவரையில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை. பலருக்கு அது பயத்தை அல்ல, ஆறுதலையே கொடுத்திருந்தது. ஆகவே பாட்டிக்குத் தாத்தாவின் இருமல் கேட்டால் வேப்பிலை தேட வேண்டாம். ‘அப்படியா பாட்டி, என்ன கேட்டது?’ என்று பக்கத்தில் உட்கார்ந்து விசாரித்தால் போதும்.

இருதயத்தையும் கவனிக்க வேண்டும். ‘துணை போன துக்கத்தில் தானும் போய்விட்டார்’ என்று நாம் சொல்லுவது வெறும் பேச்சல்ல. இங்கிலாந்தில் காலின் மர்ரே பார்க்ஸும் அவருடைய தோழர்களும், மனைவியை இழந்த 55 வயதுக்கு மேற்பட்ட 4,486 ஆண்களைத் தொடர்ந்து கவனித்து 1969-ல் முடிவை வெளியிட்டார்கள். முதல் ஆறு மாதத்தில் அவர்களிடையே மரணம், அந்த வயதில் சாதாரணமாக எதிர்பார்க்கக் கூடியதை விட நூற்றுக்கு 40 பங்கு அதிகமாயிருந்தது. அவற்றில் பெரும்பாலானவை இருதயத்தையும் இரத்தக் குழாய்களையும் சேர்ந்த வியாதிகள். 1990-ல் ஜப்பானிய வைத்தியர்கள் ‘டாக்கோட்ஸுபோ’ என்ற ஒரு நிலையை விவரித்தார்கள். பேரதிர்ச்சியினால் இருதயத்தின் ஒரு பகுதி திடீரென்று பலமிழந்து உப்பி, பேய்க்கணவாய் பிடிக்கும் ஜாடியைப் போன்ற உருவம் கொள்ளுமாம். வயது முதிர்ந்த ஸ்திரீகளுக்கே இது அதிகம். பெரும்பாலோர் சில வாரங்களில் குணமடைகிறார்கள். ஆனால் முதலில் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். துக்க வீட்டில் ஒருவர் மார்பு வலிக்கிறது என்றால், ‘அழுது அழுது வலிக்கிறது’ என்று சுக்குக் கஷாயம் கொடுத்துப் படுக்க வைப்பது பெரிய ஆபத்து.

ஆகாகான் மாளிகையில்

துக்கத்தை எப்படித் தாங்குவது என்பதற்கு நம் தேச சரித்திரத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது. 1942 ஆகஸ்டு 9-ந் தேதி பம்பாயில் கைது செய்யப்பட்ட மகாத்மா காந்தி, புனாவில் ஆகாகான் மாளிகையில் வைக்கப்பட்டார். ஆறு நாள் கழித்து, ஆகஸ்டு 15-ந் தேதி, மகாதேவ தேசாய் அங்கே மாரடைப்பினால் காலமானார். அவருக்கு வயது 50. 1917 முதல் இருபத்தைந்து வருஷம் காந்திஜிக்குக் காரியதரிசியாகவும் புத்திரனைப் போலவும் இருந்தவர். அந்த மாளிகைத் தோட்டத்திலேயே தகனம் நடந்தது.

அதன் பின் காந்திஜி தினந்தோறும் அந்த இடத்துக்குப் போய் மலர் வைத்து வணங்கி வந்தார். திரும்பி வந்து தம் காரியங்களைச் செய்தார். படித்தார், கடிதம் எழுதினார், கஸ்தூரிபாவுக்கும் சிறுமி மனுவுக்கும் பாடம் சொல்லிக் கொடுத்தார். 1944 பிப்ரவரி 22-ந் தேதி, சிவராத்திரி தினத்தில், கஸ்தூரிபாவும் அவர் மடியிலேயே உயிர் நீத்தார். அறுபது வருஷத்துக்கு மேற்பட்ட தாம்பத்தியம்! மறுநாள் சிதை எரிந்துகொண்டிருக்கையில் அந்த 74 வயதுக் கிழவர், போய் இளைப்பாறும்படி மற்றவர்கள் வேண்டியும் கேளாமல், நெடுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். பிறகு ஒரு சமாதி இருந்த இடத்தில் இரண்டு சமாதிகளாயின. அவர் தினமும் இரண்டுக்கும் போனார். அடுத்த சில வாரங்களில் மலேரியாக் காய்ச்சலில் விழுந்து மிகவும் மெலிந்தார். மே 6-ந் தேதி அவரை விடுதலை செய்தார்கள்.

மகா புருஷராயிற்றே, ஆசைகளை அடக்கியவராயிற்றே, அவருக்குத் துக்கமே இராது என்று நினைப்பவர்கள் இதைச் சற்று யோசிக்க வேண்டும். அவர் துக்கத்தை ஒளிக்கவில்லை. அதற்கு என்று ஒரு நேரமும் ஒரு பாதையும் வைத்தார். மிச்ச நேரத்தை வேலைக்கு வைத்தார்.

ஹாலந்து தேசத்தில் உட்ரெக்ட் சர்வகலாசாலையைச் சேர்ந்த மார்கரெட் ஸ்ட்ரோபே, ஹெங்க் ஸ்கட் என்ற இருவர் 1999-ல் வெளியிட்ட கொள்கை ஏறக்குறைய இதையேதான் சொல்லுகிறது. துக்கப்படுகிறவனுடைய மனம் இரண்டு பக்கம் ஆடுகிறது. ஒரு பக்கம் இழப்பு: நினைப்பது, அழுவது, படத்தைப் பார்ப்பது. மறு பக்கம் வாழ்வு: பாங்குக் கணக்கைப் பார்ப்பது, சமையல் கற்றுக்கொள்வது, பேரனோடு சிரிப்பது. இப்படி ஊஞ்சல் போல் ஆடுவதுதான் ஆரோக்கியம். அழுகைப் பக்கமே நின்றுவிட்டாலும் ஆபத்து. வேலைப் பக்கமே ஓடி ஒளிந்தாலும் ஆபத்து. நாலாம் மாதத்தில் ஒரு விதவை எதற்கோ வாய்விட்டுச் சிரித்துவிட்டால், ‘அதற்குள் மறந்துவிட்டாள், பார்!’ என்று சொல்லும் நாக்குகள் இதைத் தெரிந்துகொள்வது நல்லது. ஊஞ்சல் அந்தப் பக்கம் போயிருக்கிறது, திரும்பி வரும்.

துக்கத்துக்குத் தண்டனையா?

நம் பழைய வழக்கங்களைப் பற்றிப் பெருமையாகப் பேசினேன். மறு பக்கத்தையும் சொல்லாவிட்டால் அது நியாயமாகாது. மனைவியை இழந்த ஆண் மகனுக்குப் பதினாறு நாள் துக்கம். வருஷம் திரும்புவதற்குள் வேறு ஜாதகம் பார்க்கலாம். கணவனை இழந்த பெண்ணுக்கோ ஆயுள் முழுதும் தண்டனை! தலையை மழித்தார்கள், நல்ல காரியங்களில் எதிரே வராதே என்றார்கள். துக்கப்படுகிறவளுக்கு மனிதர்களின் துணைதான் மருந்து; அந்த மருந்தையே அவளிடமிருந்து பிடுங்கினார்கள். மழிப்பது போய்விட்டது, ஆனால் சொந்த மகளின் கல்யாணத்தில் தூணுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கும் தாய்மார் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள்.

பதினோரு, பன்னிரண்டு வயதில் விதவையான ஆர். எஸ். சுப்பலக்ஷ்மியை அவருடைய தகப்பனார் மூலையில் உட்கார வைக்கவில்லை. புத்தகத்தைக் கையில் கொடுத்தார். 1911-ல் அவர் பி.ஏ. பட்டம் பெற்றார், மறு வருஷமே சென்னையில் பால்ய விதவைகளின் கல்விக்காகப் பணி தொடங்கினார். டாக்டர் முத்துலக்ஷ்மி ரெட்டி தம் தங்கையைப் புற்று நோய்க்குப் பறிகொடுத்தவர். அந்தத் துயரம் பல வருஷம் அவர் உள்ளத்தில் கிடந்து, 1954-ல் அடையாற்றில் புற்று நோய் ஆஸ்பத்திரியாக எழுந்தது. எல்லோரும் ஆஸ்பத்திரி கட்ட வேண்டும் என்பதில்லை. போனவர் விரும்பிய ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், அவர் படிக்க வைத்த ஒரு பிள்ளைக்குத் தொடர்ந்து சம்பளம் கட்டுவதும் அந்த வகையைச் சேர்ந்தவைதான்.

ஆண்களுக்கும் ஓர் அநியாயம் செய்திருக்கிறோம். ‘ஆம்பிளை அழலாமா?’ என்று கேட்டு அவர்கள் வாயை அடைத்துவிட்டோம். கபிலரும் அழுதார் என்பதை மறந்துவிட்டோம். பாரியை இழந்து அவர் பாடியவை கையறுநிலை என்ற துறையாகப் புறநானூற்றில் இருக்கின்றன. அழ இடமில்லாத ஆணின் துக்கம் பலமுறை மதுக் கடைக்கு வழி தேடிக்கொள்கிறது. மது தூக்கத்தைக் கொடுப்பது போல் காட்டித் தூக்கத்தைக் கெடுக்கிறது, சோர்வை அதிகமாக்குகிறது, மூளையை நேராகவே தாக்குகிறது.

குழந்தைக்கு என்ன சொல்வது?

‘அப்பா ஊருக்குப் போயிருக்கிறார்’ என்பதுதான் நம் வீடுகளில் வழக்கமான பதில். குழந்தை நம்புகிறது. தினமும் வாசலைப் பார்க்கிறது. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் வேறொரு பிள்ளை உண்மையைச் சொல்லிவிடுகிறான். அப்பொழுது அந்தக் குழந்தை தகப்பனை மட்டும் அல்ல, தாயின் வார்த்தையில் வைத்திருந்த நம்பிக்கையையும் இழக்கிறது. ‘தூங்குகிறார்’ என்று சொன்னாலோ இரவில் கண்ணை மூடவே பயப்படுகிறது.

உண்மையைச் சின்ன வார்த்தைகளில் சொல்லலாம். ‘அப்பா இறந்துவிட்டார். அவர் உடம்பு இனிமேல் வேலை செய்யாது. அவர் திரும்பி வர மாட்டார். இது உன்னால் நேர்ந்ததல்ல. நான் உன்னோடு இருக்கிறேன்.’ இந்த ஐந்து வாக்கியம் போதும். நாலாவது வாக்கியத்தை விடக் கூடாது. தான் செய்த விஷமத்தினால்தான் அப்பா போனார் என்று குழந்தைகள் உள்ளுக்குள் கணக்குப் போடுவது உண்டு. குழந்தை ஐந்து நிமிஷம் அழுது உடனே பந்து விளையாட ஓடினால் ஆச்சரியப்பட வேண்டாம். படிப்பில் திடீரென்று பின்தங்கினாலும், சண்டைக்காரனாக மாறினாலும், ‘மார்க் குறைந்துவிட்டது’ என்று கடிந்துகொள்ளுமுன் வீட்டில் என்ன நடந்தது என்று விசாரிப்பது உபாத்தியாயர்களின் கடமை.

பாட்டியின் மறதி

தாத்தா இறந்த சில மாதத்தில் பாட்டிக்கு மறதி அதிகமாகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ‘வயதாகிவிட்டது’ என்று விட்டுவிடுகிறோம். இதற்குக் குறைந்தது மூன்று காரணங்கள் இருக்கலாம். ஒன்று, முன் சொன்ன துக்க மறதி. இது தானே தெளியும். இரண்டாவது, ஆழ்ந்த மனச்சோர்வு. வயோதிகர்களுக்கு இது மறதி வேஷத்தில் வருவதுண்டு. வைத்தியம் செய்தால் குணமாகும். மூன்றாவது, உண்மையாகவே டிமென்ஷியா என்னும் அறிவுத் தேய்வு முன்பே தொடங்கியிருந்து, தாத்தா பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் ஞாபகப்படுத்தி வந்ததால் வெளியே தெரியாமல் இருந்திருக்கலாம். இம்மூன்றில் எது என்று வைத்தியர்தான் பரீட்சை செய்து சொல்ல வேண்டும்.

‘லான்ஸெட்’ என்ற வைத்தியப் பத்திரிகை நியமித்த நிபுணர் குழு 2024-ல், டிமென்ஷியாவுக்கு ஏதுவான காரணங்களில் மாற்றக் கூடியவை 14 என்று பட்டியல் கொடுத்தது. அவற்றையெல்லாம் சரி செய்ய முடிந்தால் உலகத்தில் சுமார் நூற்றுக்கு 45 பேருடைய நோயைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என்றும் மதிப்பிட்டது. இரத்த அழுத்தம், நீரிழிவு, புகை, மது, காது மந்தம், கண் மங்கல், உடற்பயிற்சியின்மை, மனச்சோர்வு, தனிமை ஆகியவை அதில் அடக்கம். கவனித்துப் பாருங்கள்: துக்கப்படுகிற கிழவிக்கு இவற்றில் எத்தனை ஒரே சமயத்தில் வந்து சேருகின்றன! நடப்பதை நிறுத்துகிறாள். மாத்திரையை மறக்கிறாள். தனக்கென்று சமைப்பானேன் என்று மோரைக் குடித்துவிட்டுப் படுக்கிறாள். பேச ஆளில்லை. காது கேட்காததனால் பேசுகிறவர்களும் விலகுகிறார்கள்.

பரிகாரமும் இதிலேயே இருக்கிறது. தினமும் யாராவது ஒருவர் கூடவே கோயில் வரைக்குமோ தெருமுனை வரைக்குமோ நடக்கட்டும். இரவு ஒரே நேரத்தில் படுத்துக் காலை ஒரே நேரத்தில் எழட்டும். ஒரு வேளையாவது மற்றவர்களோடு உட்கார்ந்து சாப்பிடட்டும். காதையும் கண்ணையும், இரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பரிசோதிக்கட்டும். வைத்தியர் சொல்லாமல் தூக்க மாத்திரை வாங்கிப் பழக்கவே கூடாது. வயதானவர்கள் அதனால் தடுக்கி விழுந்து எலும்பை முறித்துக்கொள்வது உண்டு.

வைத்தியரிடம் எப்பொழுது?

‘நானும் போய்விட்டால் தேவலை’ என்று ஒருவர் சொன்னால், துக்கத்தில் சொல்லுகிறார் என்று விட்டுவிடலாகாது. ‘உயிரை மாய்த்துக்கொள்ளும் யோசனை இருக்கிறதா?’ என்று நேராகவே கேட்கலாம். அப்படிக் கேட்பது இல்லாத எண்ணத்தை உண்டாக்கிவிடும் என்பது வீண் பயம். யோசனை இருக்கிறது என்று தெரிந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றைக்கே வைத்தியரிடம் அழைத்துப் போக வேண்டும். பல நாள் உண்ணாமல் உறங்காமல் இருப்பவரையும், மதுவில் இறங்கிவிட்டவரையும், வருஷம் முடிந்தும் முதல் வாரத்தைப் போலவே முடங்கிக் கிடப்பவரையும் காலதாமதம் செய்யாமல் காட்ட வேண்டும். கோவிட் வியாதி பரவிய 2020, 2021-ம் வருஷங்களில் எத்தனையோ பேர் கடைசியாக முகத்தைக்கூடப் பார்க்க முடியாமல் உற்றாரை வழியனுப்பினார்கள். காரியம் செய்யவும் கட்டிக்கொண்டு அழவும் வழியில்லாமற் போன அந்தத் துக்கம் பலர் நெஞ்சில் ஆறாமலே கிடக்கிறது. அவர்களையும் மறக்கக் கூடாது.

மனோவைத்தியம் என்றதும் ‘கீழ்ப்பாக்கம்’ என்று சொல்லிச் சிரிப்பது சென்னைவாசிகளின் பழைய வழக்கம். 1794-ல் வேரூன்றிய அந்த ஸ்தாபனம் எத்தனையோ குடும்பங்களுக்கு மனிதர்களைத் திருப்பிக் கொடுத்திருக்கிறது. சிரிப்புக்கு அதில் ஒன்றும் இல்லை. நீடித்த துக்கத்துக்குப் பேச்சுச் சிகிச்சை நன்றாகப் பலன் தருகிறது. காதரின் ஷியர் என்ற அமெரிக்க மனோவைத்தியர் 2005-ல் வெளியிட்ட பரீட்சையில், துக்கத்துக்கென்றே அமைந்த சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 51 பேரும், வேறு வகைப் பேச்சுச் சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 28 பேரும் தேறினார்கள். நம் தேசத்தில் 2017-ம் வருஷத்து மனநலச் சட்டம் சர்க்கார் உதவியோடு சிகிச்சை பெறுவதை உரிமையாக்கியிருக்கிறது. 2022 அக்டோபர் 10-ந் தேதி தொடங்கிய ‘டெலி மானஸ்’ என்ற சர்க்கார் ஏற்பாட்டின்படி, 14416 என்ற எண்ணை டெலிபோனில் அழைத்தால் இரவு பகல் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை.

விசாரிக்கப் போகிறவர்களுக்கு

‘எல்லாம் விதி’, ‘நல்ல சாவு, கொடுத்து வைத்தவர்’, ‘இன்னும் இரண்டு குழந்தை இருக்கிறதே, மனத்தைத் தேற்றிக்கொள்’ என்றெல்லாம் நாம் சொல்லுவது நல்லெண்ணத்தோடுதான். ஆனால் அந்த வார்த்தைகள் எல்லாவற்றுக்கும் உட்பொருள் ஒன்றே: ‘அழுகையை நிறுத்து, எனக்குச் சங்கடமாயிருக்கிறது’ என்பது. ஆறுதல் சொல்லத் தெரியாவிட்டால் சும்மா உட்கார்ந்திருப்பதே நல்லது. பேச வேண்டுமானால் போனவருடைய பெயரைச் சொல்லிப் பேசலாம். அவர் செய்த ஒரு நன்மையை, அடித்த ஒரு வேடிக்கையை எடுத்துச் சொல்லலாம். பெயரைச் சொன்னால் புண்ணைக் கிளறுவதாகும் என்று பயப்படுகிறோம். அந்த வீட்டாரோ, பெயரைச் சொல்ல ஒருவரும் வரவில்லையே என்றுதான் ஏங்கிக்கொண்டிருப்பார்கள்.

‘ஏதாவது வேண்டுமானால் சொல்லு’ என்று விட்டுப் போவதில் பயனில்லை. துக்கப்படுகிறவருக்குக் கேட்கத் தெம்பிராது. பென்ஷன் ஆபீஸுக்கு மனு எழுதிக் கொடுக்கலாம். பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வரலாம். முதல் தீபாவளி, முதல் பொங்கல், பிறந்த நாள், கல்யாண நாள் ஆகியவை அந்த வீட்டில் மிகக் கடினமான நாட்கள்; அன்றைக்குப் போய் அரை மணி நேரம் உட்காரலாம்.

துக்க வீட்டுக்கு முதல் நாள் போகிறவர்கள் ஊரில் ஏராளம். மூன்றாம் மாதம் போகிறவர்கள் அபூர்வம். இந்த வாரம் நாட்காட்டியை எடுத்துப் பாருங்கள். மூன்று மாதத்துக்கு முன் நீங்கள் துக்கம் விசாரித்துவிட்டு வந்த வீடு ஒன்று நினைவுக்கு வரும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அங்கே போய்விட்டு வாருங்கள்.